எதக் கண்டாலும் தூக்கி எறியுத குட்டிக்கு வீட்டுக்குள்ள என்ன எறி விளையாட்டு கொடுக்கலாம்?

தக்கலை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க பையனுக்கு இப்போ 20 மாசம். கொஞ்ச நாளா கையில எது கெடச்சாலும் எறியுதான். டம்ளர், ரிமோட், செருப்பு, பருப்புஞ்சோறு, அவனுக்க அப்பா போன், ஒண்ணும் பாக்கியில்ல. வாடகை வீடு, ஹால் சின்னது, டிவியும் ஷோகேஸ் கண்ணாடியும் அதே ஹால்லதான் இருக்கு. வெளிய விடலாம்னா மழை விட்டாத்தானே, நம்ம குமரி மாவட்டத்துக்கு எடவப்பாதின்னு ஜூன் மாச மழையும் உண்டு, துலா மழைன்னு ஐப்பசி மழையும் உண்டு, பிள்ளைங்க பாதி வருசம் வீட்டுக்குள்ளதான் கெடக்கு. அத்தை நாள் முழுக்க "எறியாதல, எறியாதல"ன்னு சொல்லுகாவ, அவன் அவிய மூஞ்சியப் பாத்து சிரிச்சிட்டு மறுபடியும் எறியுதான். அடிச்சு நிறுத்த எனக்கு மனசில்ல. அந்த எறியுத ஆசைய விளையாட்டா மாத்தி விட்டா நல்லாருக்கும்னு தோணுது. ஆனா எந்தப் பொருளக் கொடுக்கலாம், எது தொண்டையில போயி சிக்கும், எவ்வளவு தூரத்துல நிறுத்தணும், ஒண்ணும் பிடிகிட்டல. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க. கடையில விலைகூடிய சாமான் வாங்கச் சொல்லாம வீட்டுல கெடக்கத வச்சு சொன்னா கொள்ளாம்.

குளச்சல் அப்பா:
தங்கச்சி, எங்க மோளுக்கு ரெண்டு வயசு கழிஞ்சிட்டு, அவளுக்கும் இதே வேலைதான். நாங்க துறைமுகத்துப் பக்கம், தெனமும் அவ காணுறது மீனும் கடவமும் (மீன் கூடை) ஏலமும்தான், அதனால அதையே விளையாட்டா ஆக்கியாச்சு. பழைய பனியன், கிழிஞ்ச நைட்டி எல்லாத்தையும் மீன் வடிவுல வெட்டித் தச்சு உள்ள கந்தத்துணிய அடைச்சு வச்சோம். சின்னது சாள, நடுத்தரம் அயல, பெருசு சூர. ஒரு கடவத்த சுவரோட சேத்து வச்சிட்டு அவள முன்னால நிறுத்தினா ஒவ்வொரு மீனா எடுத்து எறிவா, நான் பக்கத்துல இருந்து "சாள நூறு, நூத்திப்பத்து, யாரு கேக்கியோ"ன்னு ஏலம் விளிப்பேன். கடவத்துல விழுந்தா கச்சவடம் முடிஞ்சுது, விழலன்னா மீன் கடலுக்குப் போயிட்டு, அவளே போயி எடுத்துட்டு வரணும். குனிஞ்சு எடுத்து, நடந்து வந்து, மறுபடி எறிஞ்சு, அரை மணிக்கூர் போறதே தெரியாது.

இதுல நான் கண்டுபிடிச்ச ஒரு காரியம் என்னன்னா வால்தான் முக்கியம். உருண்டப் பந்து இந்த வயசுப் பிள்ளைக்க கையில நிக்காது, கைய ஓங்கும்போதே நழுவி முதுகுக்குப் பின்னால விழுந்திரும், பிள்ளை சுத்திச் சுத்தி தேடும். வால் உள்ள மீன்னா நாலு விரலும் சேத்து இறுக்கிப் பிடிச்சு நேரா விடலாம். கண்ணுக்கு பட்டன் தைக்காதீங்க, கறுப்பு நூல்ல ரெண்டு தையல் போட்டா கண்ணுதான். மிஷின்ல ரெட்டைத் தையல் போடுங்க, கைத்தையல்னா பல்லால கடிச்சே பிரிச்சிரும்.

நாஞ்சில் ஆச்சி:
மக்களே, பேரன் பேத்திய வளத்துக்கிட்டு இருக்கவ சொல்லுகேன், கோவப்படாதீங்க. வீட்டுக்குள்ள எறியலாம்னு ஒருதடவ பழக்கிட்டோம்னா அப்புறம் அது நிக்காது. சோத்துத் தட்ட எறிவான், புஸ்தகத்த எறிவான், குத்துவிளக்க எறிவான். துணி மீன எறியலாம், தட்ட எறியப்படாதுன்னு ஒண்ணர வயசுப் பிள்ளைக்கு எப்படி விளங்கும்? எங்க காலத்துல சிரட்டையும் மணலும் கொடுத்து முற்றத்துல இருத்திருவோம், வாரி வாரி வெளையாடும், எறியுத எண்ணமே வராது. அந்தத் தக்கலைப் பிள்ளைக்க அத்தை சொல்லுகதுல தப்பொண்ணும் இல்ல.

அங்கன்வாடி டீச்சர் (கருங்கல் பக்கம்):
ஆச்சி, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. ஒண்ணர வயசுக்கு விளங்குமான்னா, பேசி விளங்காது, ஆனா செஞ்சு பழகுனா விளங்கும். செண்டர்ல நான் தெனம் பாக்குறது இதுதான்.

மொதல்ல பிள்ளை எதுக்கு எறியுதுன்னு பாக்கணும். கையில இருக்கத தானா விடுறதுக்கே பிள்ளைங்க 9, 10 மாசம் கழிஞ்சுதான் படிக்குது, அதுவரைக்கும் பிடிக்க மட்டும்தான் தெரியும். விடப் படிச்சிட்டா அடுத்தது விட்டா என்ன ஆவுதுன்னு பாக்கணும். கீழ விழுந்தா சத்தம் வருது, அம்மா ஓடி வாறா, உருண்டு கட்டிலுக்கு அடியில போவுது, காணாமப் போவுது, மறுபடியும் வருது. ஒரே டம்ளர பத்துதடவ போட்டாலும் பத்து தடவையும் அதே மாதிரி விழுதான்னு அது பாத்துக்கிட்டு இருக்கு. அதுல குறும்பு ஒண்ணும் இல்ல, படிக்குது.

நாம "எறியாத"ன்னு சொல்லும்போது பிள்ளைக்க காதுல "எறி"ங்குறது மட்டும்தான் பலமா விழும், அப்புறம் நம்ம மூஞ்சி மாறுறது அதுக்கு ஒரு வேடிக்கை. அதனால செய்யப்படாதத சொல்லுறத விட்டுட்டு செய்ய வேண்டியத சொல்லுங்க. "டம்ளர் மேசைக்கு. பந்து கூடைக்கு." இவ்வளவுதான் வார்த்தை, எல்லாரும் அதே வார்த்தைய சொல்லணும், அப்பா ஒண்ணு ஆச்சி ஒண்ணு சொல்லப்படாது. சொல்லிக்கிட்டே டம்ளர வாங்கி வச்சிட்டு கையில ஒரு துணிப்பந்த கொடுத்திரணும், கை காலியா இருந்தா அடுத்த பொருளுக்குப் போயிரும். எறியுத சாமான் எல்லாம் ஒரே கூடையில, அந்தக் கூடை ஒரே மூலையில. கூடை வெளிய வந்தா எறியலாம், கூடை உள்ள போயிட்டா முடிஞ்சுது. தொடர்ந்து செஞ்சா ஒண்ணர வயசும் பிடிச்சுக்கிடும்.

சோறு எறியுறது வேற காரியம், அதையும் இதையும் போட்டுக் குழப்பப்படாது. சோத்த எறிய ஆரம்பிச்சா அநேகமா வயிறு நெறஞ்சிட்டுன்னு அர்த்தம். தட்ட எடுத்திரணும், அங்க சிரிக்கவும் வேண்டாம் ஏசவும் வேண்டாம். கோவத்துல எறியுறதும் வேற. அப்போ மூஞ்சியே காட்டிக்கொடுக்கும், அந்த நேரத்துல விளையாட்டுக் கூடைய நீட்டாம எடுத்து மடியில வச்சு "கோவம் வந்துட்டா"ன்னு கேளுங்க.

தக்கலை அம்மா:
டீச்சர், இந்த "டம்ளர் மேசைக்கு, பந்து கூடைக்கு" அத்தைக்கும் பிடிச்சிருக்கு, வாசிச்சுக் காட்டினேன். குளச்சல் அண்ணன், மீன் எனக்கும் தச்சு வேணும் போல இருக்கு, அளவு சொல்லுங்க. எவ்வளவு தூரத்துல கூடைய வைக்கணும்னு யாராவது சொல்லுங்களேன். ரெண்டடி தள்ளி வச்சா அவன் எறியாம நடந்து போயி உள்ள போட்டுட்டு வாறான்.

பிசியோ அக்கா, மார்த்தாண்டம்:
நான் சின்னப் பிள்ளைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். நடந்து போயி போடுறதும் சரியான ஆரம்பம்தான், தடுக்காதீங்க. எல்லாப் பிள்ளையும் மொதல்ல போடும், அப்புறம் விடும், அப்புறம்தான் எறியும். கூடைய காலடியிலயே வைங்க, அவன் நேரா கீழ போடட்டும். அது சலிச்ச பிறகு ஒரு சாண் தள்ளுங்க. விழுந்தா இன்னொரு சாண். தொடர்ந்து தவறுனா பழைய இடத்துக்கே கொண்டுவாங்க. தூரத்த கூட்டுறது நம்ம ஆசைக்குத்தான், பிள்ளைக்கு விழுந்த சத்தம் கேட்டாப் போதும். கூடை வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது, துணி துவைக்குற பேசின் வாய்ச்ச சாமான்.

20 மாசத்துல எப்படி எறியும்னா, ரெண்டு காலும் ஒட்டி நேரா நிக்கும், இடுப்பு திரும்பாது, முழங்கை மட்டும் மடங்கி நிமிரும். சில நேரம் எறிஞ்ச வேகத்துல பிள்ளையே முன்னால விழும், அதனால பாய் விரிங்க. டைல்ஸ் தரைன்னா சாக்ஸ் போட வேண்டாம், வெறுங்கால். ரெண்டு வயசு பக்கத்துல தலைக்கு மேல ஓங்கி எறிய வரும். காலை எடுத்து வச்சு இடுப்பத் திருப்பி எறியுறது ரொம்பப் பின்னால வரும், அதுக்கு இப்போ கோச்சிங் வேண்டாம்.

பிடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க. நெறைய அப்பாமாரு எறிஞ்ச உடனே "பிடி பிடி"ன்னு திருப்பி எறியுறாங்க, மூஞ்சில ஒருதடவ பட்டுட்டா பிள்ளை பந்தைக் கண்டாலே கண்ண மூடிக்கிட்டுத் திரும்பிரும். பெரிய பந்த அநேகமா பிடிக்கத் தெரியுறதே 4 வயசு பக்கத்துலதான். இப்போ தரையில காலை விரிச்சு எதிரெதிரே இருந்து உருட்டுங்க. இல்லன்னா ஒரு தோர்த்த (மெல்லிசு துண்ட) மேல எறிங்க, அது மெதுவா மிதந்து வரும், ரெண்டு கையும் நீட்டி வாங்கிக்கிடும், தலையில விழுந்தா சிரிக்கும். முடிஞ்ச உடனே தோர்த்த எடுத்து வச்சிருங்க, கழுத்துல சுத்திக்கிட்டு ஓட விடப்படாது.

கையப் பத்தி ஒண்ணு. "சோத்துக்கையால எறி மக்களே"ன்னு இடது கையில இருந்து பிடுங்கி வலது கையில வைக்குறத நான் நெறைய வீட்டுல பாக்கேன். இந்த வயசுல ரெண்டு கையும் மாறி மாறித்தான் வரும், எந்தக் கைன்னு உறுதியாவ இன்னும் வருசம் ஆவும். இடது கையாவே இருந்தாலும் இருந்துட்டுப் போவுது. ஆனா ஒரு வயசுக்குள்ளயே ஒரு கைய மட்டும் எடுத்து மத்தக் கைய மடக்கியே வச்சிருந்தா டாக்டர்ட்ட காட்டணும், அது பழக்கம் இல்ல, மத்தக் கைக்கு பலக்குறைவு இருக்கான்னு பாக்க வேண்டிய காரியம்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். எறியப் போற சாமானப் பறிக்க பிள்ளைக்க கையப் பிடிச்சு வெடுக்குன்னு இழுக்காதீங்க. அஞ்சு வயசுக்குக் கீழ முழங்கை மூட்டு எலும்பு சின்ன இழுப்புக்கே விலகிரும். பிள்ளை வீறிட்டு அழுதுட்டு அப்புறம் அந்தக் கையத் தூக்காமத் தொங்கப் போட்டுக்கிட்டே இருக்கும். அப்படின்னா எண்ணெய் போட்டு நீவாம நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, பெரும்பாலும் டாக்டர் நிமிசத்துல சேத்து விட்டுருவாங்க.

அருமனை ரப்பர் வீடு:
பந்துன்னு சொன்ன உடனே எனக்கு ஒட்டுப்பால் பந்துதான் ஞாபகம் வந்துச்சு. ரப்பர் மரத்து வெட்டுப்பட்டையில காஞ்சு இருக்குற பாலை நாடா மாதிரி உரிச்சு உரிச்சு சுத்திப் பந்தாக்குவோம், கூரைக்கு மேல துள்ளும். தாத்தா பேரனுக்குச் செஞ்சு கொடுக்கணும்னு நிக்கார். ஒண்ணர வயசுக்கு கொடுக்கலாமா?

பிசியோ அக்கா, மார்த்தாண்டம்:
வேண்டாம் அண்ணா. அது கனம், திரும்பித் துள்ளி மூஞ்சிக்கு வரும். ஓரத்துல நாடா பிரிஞ்சா பிள்ளை கடிச்சு இழுக்கும், ரப்பர் துண்டு தொண்டையில ஒட்டிச்சுன்னா இருமித் துப்ப முடியாது. பள்ளிக்கூடம் போற வயசானதும் முற்றத்துல வச்சு தாத்தாவே கூட நின்னு விளையாடட்டும்.

நர்ஸ் சேச்சி, களியக்காவிள:
தக்கலை அம்மா கேட்ட தொண்டையில சிக்குற காரியத்துக்கு இன்னும் யாரும் விரிவா பதில் சொல்லல, நான் சொல்லுகேன்.

3 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு பந்துன்னா 4.45 சென்டிமீட்டர் ஓட்டைக்குள்ள நுழையப்படாது, பொம்மைத் தரத்துல உள்ள கணக்கு அது. டேபிள் டென்னிஸ் பந்து 4 சென்டிமீட்டர்தான், அப்போ அதுவும் ஆகாது, பாக்கப் பெருசா இருக்கேன்னு நெனச்சிராதீங்க. உருண்டையும் வழுவழுப்புமா இருக்குறதுதான் மோசம், மூச்சுக்குழல் வாய்க்கு மூடி போட்ட மாதிரி போயி உக்காந்துக்கும். நான் வீட்டுல சொல்லுற கணக்கு டென்னிஸ் பந்து அளவு, அதுக்கு கீழ எதுவும் அந்தக் கூடையில இருக்கப்படாது. அளவுக்குத்தான் சொன்னேன், டென்னிஸ் பந்தையே கொடுக்கச் சொல்லல, அது பட்டா வலிக்கும். உருண்டை இல்லாத சாமான்னாலும் 3.2 சென்டிமீட்டர் அகல வட்டத்துக்குள்ள அடங்குறது எல்லாம் ஆபத்துதான். தண்ணி பாட்டில் மூடி, கோலிக்குண்டு, புளியங்கொட்டை, பேனா மூடி எல்லாம் அந்தக் கணக்குல வரும்.

பலூன். இதுக்கு நெறைய பேரு சண்டைக்கு வருவீங்க, மெதுவா போவும், அடிபடாது, நல்ல விளையாட்டுதானேன்னு. காத்து நெறஞ்சிருக்க வரைக்கும் சரி. பொட்டிச்சுன்னா அந்தத் துண்டு பிள்ளைக்க வாயிக்குப் போன பிறகு தொண்டையில தோல் மாதிரி ஒட்டிக்கிடும், முதுகுல தட்டினாலும் வராது. ஊதாத பலூன் 8 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஆபத்துன்னே வெளிநாட்டுப் பாக்கெட்டுல அச்சடிச்சிருப்பாங்க. குட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

திருவிழாக் கடையில லைட் எரியுற முள்ளுப் பந்து தொங்கும், தட்டினா சிவப்பும் நீலமுமா மின்னும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவோ, மண்டைக்காட்டுக் கொடையோ எங்க போனாலும் பிள்ளை அதைக் கண்டா விடாது. அதுக்குள்ள இருக்குறது பட்டன் பேட்டரி. பந்து கிழிஞ்சு அத விழுங்கிருச்சுன்னா உணவுக்குழல்ல நின்னு ரெண்டு மணிக்கூருக்குள்ளயே புண்ணாக்கிரும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, நாளைக்குப் பாப்போம்னு வெளிக்குப் போறதுக்குக் காத்திருக்காதீங்க, உடனே பெரிய ஆஸ்பத்திரி. காந்தம் உள்ள பொம்மைக்கும் இதே கதைதான்.

வாங்குறதுன்னா ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, 2021 ஜனவரி 1-ல இருந்து இந்தியாவுல விக்குற பொம்மைக்கு அது கட்டாயம். அப்புறம் 0-3 ன்னு எழுதி குழந்தை முகத்துக்குக் குறுக்க கோடு போட்டிருந்தா அது 3 வயசுக்குக் கீழ ஆகாதுன்னு அர்த்தம்.

எல்லாம் பாத்தும் சிக்கிச்சுன்னு வைங்க. பிள்ளை சத்தமா இருமினா இரும விடுங்க. சத்தமே வரல, மூஞ்சி நீலம் பாயுதுன்னா குனிய வச்சு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல உள்ளங்கையால 5 அடி. வரலன்னா ஒரு வயசு கழிஞ்ச பிள்ளைக்கு பின்னால நின்னு தொப்புளுக்கு மேல கைய வச்சு உள்ளயும் மேலயுமா 5 அழுத்து. ஒரு வயசுக்குக் கீழன்னா வயித்த அமுக்கப்படாது, நெஞ்சு நடுவுலதான் அமுக்கணும். மாறி மாறி செய்யுங்க, இன்னொருத்தர 108 விளிக்கச் சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியாத சாமான விரல விட்டுத் துழாவப்படாது, இன்னும் உள்ள போயிரும். இத எழுத்துல வாசிச்சா போதாது, குத்திவைப்புக்கு (தடுப்பூசிக்கு) போகும்போது நர்ஸ்ட்ட ஒருதடவ செஞ்சு காட்டச் சொல்லுங்க.

தக்கலை அம்மா:
சேச்சி, கோடி நன்றி. எங்க வீட்டுல பிறந்தநாளுக்கு ஒட்டின பலூன் இன்னும் சுவத்துல தொங்குது, இப்பவே அவிழ்த்து எடுக்கேன்.

குழித்துறை ஓலைவீடு:
ஓலைப்பந்த யாரும் சொல்லலியே! காசும் வேண்டாம் கடையும் வேண்டாம். பச்சைத் தென்னோலைக் கீத்து ரெண்டு எடுத்து ஈர்க்கில உருவினா நாலு நாடா கிட்டும், அத குறுக்கும் நெடுக்குமா மடக்கிப் பெட்டி முடையுற மாதிரி முடைஞ்சு கடைசி நுனிய உள்ள சொருகிரணும். வீட்டுல வயசானவங்க யாராவது இருந்தா கண்ண மூடிக்கிட்டு முடைவாங்க. உருண்டையா வராது, மூலை மூலையா இருக்கும், அதனால உருண்டு கட்டிலுக்கு அடியில ஓடாது. பிள்ளைக்குப் பிடிக்கவும் மூலை கிட்டும். எடையே இல்ல, மூஞ்சில பட்டாலும் ஒண்ணும் இல்ல.

ஆனா ரெண்டு காரியம். ஈர்க்கில் துளி கூட இருக்கப்படாது, கண்ணுல குத்திரும். அப்புறம் காஞ்ச ஓலை விறைச்சு ஓரம் பிளேடு மாதிரி ஆயிரும், அதனால பச்சை மாறுன உடனே அடுப்புக்குப் போட்டுட்டு புதுசு முடையுங்க. பெரிய பயலுக உள்ள கல்லு வச்சு முடைவானுக தூரம் போறதுக்கு, அது குட்டிக்குக் கொடுக்குற பந்து இல்ல, கையில வாங்கி அமுக்கிப் பாத்துட்டு கொடுங்க.

வடசேரி மாடி வீடு:
எங்க பிரச்சினை வேற. நாங்க மாடியில, கீழ ஓனர் வீடு, ஓனரம்மாவுக்கு தல வலி. எது விழுந்தாலும் மேல பாத்துக் கம்பால தட்டுவாங்க. சத்தம் வராத விளையாட்டு ஏதாவது உண்டா? மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் எங்க மோளுக்கு எறியத் தோணும்.

அங்கன்வாடி டீச்சர் (கருங்கல் பக்கம்):
சாக்ஸ் ஜோடிய உருட்டிப் பந்தாக்குங்க, மெத்தைய சுவத்துல சாய்ச்சு வச்சு அதுல எறியச் சொல்லுங்க, சத்தமே இருக்காது. இல்லன்னா ஒரு புடவைய ரெண்டு நாற்காலிக்கு நடுவுல கட்டித் தொங்க விட்டு அதுக்கு மேல கூடி எறிஞ்சா அந்தப் பக்கம் நீங்க இருந்து "யாரு எறிஞ்சது"ன்னு தலைய நீட்டணும். எறியுறத விட அந்த எட்டிப் பாக்குறதுக்குத்தான் பிள்ளை காத்திருக்கும். நாற்காலி கனமானதா இருக்கட்டும், பிளாஸ்டிக்னா புடவைய இழுத்தா தலைமேல சாயும். ரெண்டு மணிக்கு உறக்கம் வாற நேரம்தான் அநேகமா, அதுக்கு முன்னால பதினொரு மணிக்கே கை ஓயுற அளவு எறிய விட்டுப் பாருங்க.

தண்ணி பாட்டில் பௌலிங் வேண்டாம் உங்க வீட்டுக்கு. தரைவீட்டுக்காரங்க செய்யலாம், ஆனா மூடிய எல்லாம் கழத்தி ஒளிச்சு வச்சிட்டு.

தோஹா அப்பா:
நான் கத்தார்ல, குடும்பம் திங்கள்சந்தையில. வீடியோ கால்ல பையனுக்க கூட எப்படி விளையாடுறதுன்னு தெரியாம இருந்தேன், இங்க வாசிச்ச பிறகு ஒரு வழி செஞ்சோம். எனக்க மனைவி போனை நாற்காலி மேல உயரத்துல சாய்ச்சு வச்சிட்டு அதுக்குக் கீழ பேசினை வச்சா. அவன் துணிப்பந்த எறியுறான், உள்ள விழுந்தா நான் இங்க இருந்து "கோல்"னு கத்துறேன், விழலன்னா தலையில கைய வைக்குறேன். எங்க ஊருல பந்து கிட்டினா கோல் இல்லாம இருக்குமா, எங்க அம்மா ஊரு தூத்தூர் பக்கம், குடும்பமே ஃபுட்பால். முன்னால எல்லாம் போன்ல என்னக் கண்டா ரெண்டு நிமிசத்துல ஓடிருவான், இப்போ பேசினத் தூக்கிக்கிட்டு வந்து போன் முன்னால வைக்குறான்னு மனைவி சொல்லுறா. ஒரே ஒரு கேள்வி, இத அதிக நேரம் போனுன்னு எடுத்துக்கணுமா?

நர்ஸ் சேச்சி, களியக்காவிள:
கார்ட்டூன் காட்டுற போனும் அப்பா பேசுற போனும் ஒண்ணில்ல தம்பி. தூரத்துல இருக்கவங்களோட பேசுற வீடியோ காலை குட்டிகளுக்கும் டாக்டர்மாரு விலக்குறது இல்ல, அம்மா கூட இருந்தாப் போதும். விளையாடுங்க.

நாஞ்சில் ஆச்சி:
வாசிச்சுக்கிட்டுதான் இருக்கேன். டீச்சர் சொன்ன கூடை விசயம் எனக்குச் சரியாப் படுது, கூடை உள்ள போயிட்டா முடிஞ்சுதுன்னு ஒரு கட்டுப்பாடு இருக்குல்லா. ஆனா குத்துவிளக்கு, புஸ்தகம், சாப்பாடு, இந்த மூணும் எறியப்படாதுன்னு ஆரம்பத்துலேயே பழக்கணும், அதுல நான் மாறமாட்டேன். விளக்க பிள்ளைக்கு எட்டாத இடத்துல வைங்க, அது பெரியவங்க பொறுப்பு.

நானும் ஒண்ணு சொல்லுகேன். பூ. எங்களுக்கு தோவாளை பூச்சந்தை பக்கந்தான், மிச்சப்பூ எப்பவும் வீட்டுல கெடக்கும். பாயில பிள்ளைய இருத்தி கேந்திப் பூவ (துலுக்கச் சாமந்திய) உதிர்த்து ஒரு நார்ப்பெட்டியில போட்டுக் கொடுத்தா வாரி மேல எறியும், தலையெல்லாம் விழும், ஓணத்துக்கு அத்தப்பூ போட்ட மாதிரி வீடு கெடக்கும். ஒண்ணும் உடையாது.

நர்ஸ் சேச்சி, களியக்காவிள:
ஆச்சி, பூ நல்ல யோசனை, ஒரே ஒரு பூவத் தவிர. தோவாளையில இருந்து வாற கதம்பத்துல அரளி உண்டு. அரளிக்கு பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், கொஞ்சம் வாயில போனாலே இதயத்துடிப்பக் குழப்பும். மாலையப் பிரிச்சுக் கொடுக்கும்போது செவ்வரளி, வெள்ளரளி ஒரு இதழ் கூட கலக்காமப் பாத்துக்கிடுங்க. கேந்தியும் ரோசாவும் தண்ணில அலசிட்டு கொடுங்க, மருந்து அடிச்சிருக்கும். சாமான அப்படியே வாயில வைக்குற வயசுன்னா பக்கத்துல இருந்து கண்ண எடுக்கப்படாது. பைக்குள்ள விதை நெறச்சு எறியுறவங்களுக்கும் சொல்லுகேன், குன்னிமுத்து (குண்டுமணி) ஒருக்காலும் வேண்டாம், கடிச்சு உடைஞ்சா அதுவும் கொடிய விஷம்.

நாஞ்சில் ஆச்சி:
அரளி சரிதான் மக்களே, அது எங்களுக்கும் தெரியும், மாடு கூட தொடாது. எழுதணும்னு தோணல. நல்லதாப் போச்சு.

ரெண்டு பிள்ளைக்காரி, இரணியல்:
மூத்தவனுக்கு அஞ்சு, எளயவளுக்கு ஒண்ணர. மூத்தவன் எறிஞ்சா அது எறி, வேகம் தாங்காது. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல எப்படி விளையாட விடுறது? அவன ஒதுக்கி வச்சா அழுவான்.

பிசியோ அக்கா, மார்த்தாண்டம்:
ரெண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தாதீங்க, ஒரே பக்கம் நிறுத்துங்க, ரெண்டு பேரும் ஒரே சுவத்தப் பாத்து. தரையில மாவால ரெண்டு கோடு போடுங்க, தங்கச்சி முன்கோடு, அண்ணன் பின்கோடு. அவனுக்கு சின்ன கிண்ணம், அவளுக்கு பெரிய பேசின். அவன் தலைக்கு மேல ஓங்கி எறியுற வேகத்த நிறுத்த வேண்டாம், பேசினை ஒதுக்கிட்டு வாசல் பக்கம் ஒரு தோர்த்த கொடியில விரிச்சுத் தொங்கப் போட்டு "அது நடுவுல அடி"ன்னு விடுங்க, துணி வேகத்த வாங்கிக்கிடும். எடுக்கப் போறது ஒருத்தர் எறியுறது ஒருத்தர்னு ஒரே நேரத்துல இருக்கப்படாது. "எல்லாரும் எடு"ன்னு சொன்ன பிறகுதான் ரெண்டு பேரும் போவணும், அதுக்கு மூத்தவனையே விளிச்சு சொல்லுறவனா ஆக்குங்க, அழமாட்டான்.

எல்லாருக்கும் பொதுவா: மேல எறியுற விளையாட்டுன்னா சீலிங் ஃபேன நிறுத்திருங்க. ஓடுற ஃபேன்ல துணிப்பந்து பட்டாலும் எந்தத் திசையில தெறிக்கும்னு சொல்ல முடியாது, தோர்த்துன்னா இறக்கையில சுத்திக்கிடும். அடுக்களை வாசல் கதவ சாத்துங்க.

தக்கலை அம்மா:
குளச்சல் அண்ணே, மீனுக்கு அளவு சொல்லலியே. துணி வெட்டி வச்சிட்டு இருக்கேன்.

குளச்சல் அப்பா:
மன்னிக்கணும் தங்கச்சி, கடலுக்குப் போயிட்டு இப்போதான் கரையேறினேன். நம்ம கைக்கு ஒரு சாண் நீளம், நடுவயிறு நாலு விரல் அகலம், வாலு தொடங்குற இடத்துல ரெண்டு விரல், வாலு மறுபடியும் மூணு விரல் விரியட்டும். ரெண்டு துண்டும் உள்பக்கம் வெளிய வச்சுத் தச்சு வயித்துப் பக்கம் மூணு விரல் திறந்து விட்டு அது வழியாப் புரட்டுங்க. அடைக்குறதுக்கு காட்டன் கந்தத்துணிய மட்டும் எடுங்க, ஸ்பாஞ்ச் வேண்டாம், பிய்ச்சா துண்டு துண்டா வாயிக்குப் போவும், பாலித்தீன் கவரும் வேண்டாம். வாலுக்குள்ள துணி அடைக்காதீங்க, தட்டையா இருந்தாத்தான் பிடி கிட்டும். எல்லாம் தச்ச பிறகு நீங்களே வாலைப் பிடிச்சு பலமா இழுத்துப் பாருங்க, நூல் விட்டுச்சுன்னா மறுபடி தைங்க. எச்சில் படுறதுனால வாரத்துக்கு ஒருதடவையாவது வெந்நீர்ல போடணும், இந்த மழைக்கு உள்துணி சீக்கிரம் காயாது, நாத்தம் வந்திரும், அதனால ரெண்டு செட்டா தச்சு மாத்தி மாத்திக் கொடுங்க.